கள்ளிச்சொட்டும் கிரீன் டீயும்

கும்பகோணத்துல பொறந்து வளர்ந்துட்டு கிரீன் டீ பத்தி இவ்வளவு நீளமா எழுத உக்கார்ற ஆள் நானாத்தான் இருப்பேன். ஊர்ல தெரிஞ்சா 2028 மகாமகத்துக்கு உள்ள விட மாட்டாங்க :-) ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். என் நாக்கு பட்ட பாடு அப்படி.

முதல்ல என் தகுதியைச் சொல்லிடறேன். எனக்கு அஞ்சு வயசுல, பால்ல ரெண்டு சொட்டு டிகாக்‌ஷன் விட்டு "இந்தா காபி"ன்னு குடுத்து ஏமாத்தினாங்க. ஏழு வயசுல சொட்டு பத்தலைன்னு சண்டை போட்டேன். அப்பா மாசம் ரெண்டு தடவை கடைத்தெருவுக்குப் போய், பீபரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, கண் முன்னாடி வறுத்து அரைக்கச் சொல்லி வாங்கிட்டு வருவார். சிக்கரின்னு பேச்செடுத்தா கடைக்காரருக்கே திட்டு விழும். அம்மா ராத்திரியே பித்தளை பில்டர்ல பொடியைப் போட்டு, குடையை வெச்சு அமுக்கி, மூடி வெச்சுட்டுப் படுப்பாங்க. காலையில நாலரைக்கு வெந்நீர் ஊத்தி பில்டரை ரெண்டு தட்டு தட்டினா, அஞ்சு மணிக்கெல்லாம் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். அந்தத் தட்டுற சத்தம்தான் எங்க வீட்டு சேவல்.

சென்னைக்கு வந்தும் அந்த வழக்கம் மாறலை. எனக்கு வேண்டிய டிகாக்‌ஷனை நானே போட்டுக்குவேன். தங்கமணி டீ கட்சி. (பத்துப் பொருத்தம் பார்த்தாங்க, இதை யாரும் பார்க்கலை.)

இப்படிப் போய்க்கிட்டிருந்தப்போ, 2023 மார்ச்சுல ஒரு ராத்திரி ரெண்டரை மணிக்கு முழிப்பு வந்தது. நெஞ்சுக்குள்ள ஒரு கெண்டை மீன் துள்ளின மாதிரி இருந்தது. உடனே ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் தடால்னு ஒரு துடிப்பு. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. மறுபடி மீன்.

அப்பா 2016ல போனது மாரடைப்புல. அதுவும் ராத்திரி மூணு மணிக்கு. மீன் துள்ளினப்போ எனக்கு என்ன தோணியிருக்கும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை. தங்கமணியை எழுப்பலை. நாடியைப் பிடிச்சு எண்ணிக்கிட்டே விடியற வரைக்கும் கட்டில் நுனியில உக்காந்திருந்தேன். விடிஞ்சதும் என்ன பண்ணினேன்னு கேக்கறீங்களா? காபி போட்டேன். இன்னிக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்காவே.

ஒரு வாரம் இப்படியே ஓடினப்புறம்தான் வாயைத் திறந்து வீட்டுல சொன்னேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு. நெஞ்சுல ஒயரை ஒட்டி 24 மணி நேரம் மாட்டிக்கிட்டுத் திரியற ஹோல்டர் கருவியும் ஆச்சு. டாக்டர் காகிதத்தைப் பார்த்துட்டு, "எக்டோபிக் பீட்ஸ். உங்க இதயம் அப்பப்போ ஒரு துடிப்பை அவசரப்பட்டு முன்னாடியே துடிச்சுடுது. அடுத்த துடிப்பு கொஞ்சம் தாமதிச்சு வருது. அந்த இடைவெளியைத்தான் நின்னுடுச்சோன்னு நெனைக்கறீங்க. எக்கோ நல்லா இருக்கு, பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை"ன்னார். அப்புறம் வந்தது வினை.

"காபி எத்தனை?"

"நாலு."

பக்கத்துல தங்கமணி இருமினாங்க.

"அஞ்சு... ஆறுன்னு வெச்சுக்கங்களேன்."

இன்னொரு இருமல். கடைசியில ஆபீஸ் மெஷின்ல வர்றதையும் சேர்த்து எட்டுன்னு ஒத்துக்கிட்டேன். மெஷின்ல வர்றதை நான் காபியா மதிக்கிறதில்லை, அதனால கணக்குல சேர்க்கலைன்னு சொல்லிப் பார்த்தேன். எடுபடலை.

"அளவா காபி குடிச்சா மாரடைப்பு வரும்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நிறைய பேருக்கு இந்தத் துடிப்பைக்கூட காபி ஒண்ணும் பண்றதில்லை. உங்களுக்குப் பண்ணுதான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். மூணு வாரம் சுத்தமா நிறுத்திப் பாருங்க. அப்புறம் காலையில மட்டும் ஒண்ணு."

இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும். நான் அன்னிக்கு ஞாபகம் வெச்சுக்கலை. என் காதுல விழுந்தது "சுத்தமா நிறுத்திப் பாருங்க" மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படிச்சேன். காபியில இருக்கிற காபீன் பாதியா குறையவே ஒருத்தருக்கு சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகுமாம். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடிச்ச டம்ளர்ல பாதி ராத்திரி பதினொரு மணிக்கும் உள்ள சுத்திக்கிட்டிருக்கும். அதுக்கு மேல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் "வாய் கழுவிக்க" ஒண்ணு குடிக்கிறவன் நான். ரெண்டரை மணிக்கு முழிப்பு வராம என்ன செய்யும்?

நிறுத்தினேன். முதல் நாள் வீரமா போச்சு. ரெண்டாம் நாள் மத்தியானம் தலைக்குள்ள யாரோ அம்மி கொத்த ஆரம்பிச்சாங்க. மூணாம் நாள் அவங்க ஆட்டுக்கல்லுக்கு மாறினாங்க. காபீனை திடீர்னு நிறுத்தினா இந்தத் தலைவலி வரும், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போய் ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. படிக்க நல்லாத்தான் இருக்கு. அந்த வாரம் ஆபீஸ்ல நான் யார்கிட்டயெல்லாம் எரிஞ்சு விழுந்தேன்னு பட்டியல் போட்டா, அவங்க இதைப் படிக்கிற அபாயம் இருக்கு.

தலைவலியைவிட பெரிய பிரச்சினை சாயங்காலம் நாலு மணி. கைக்கு ஏதாவது சூடா வேணும். நாப்பது வருஷப் பழக்கம், கை தன்னால நீளுது. அப்பத்தான் பக்கத்து சீட் நண்பர் ஒரு டீ பையை நீட்டினார். "கிரீன் டீ சார். தொப்பையும் குறையும்."

தொப்பை விஷயத்தை இப்பவே முடிச்சுடுவோம். குறையலை. நண்பருக்கும் குறையலை, மூணு வருஷமா குடிக்கிறார். இதை இளைக்க வைக்கிற மருந்துன்னு விக்கிறவங்களைப் பார்த்தாலே எரிச்சலா வருது. குடிக்கிற டீயோட நின்னா பரவாயில்லை, அதோட சாரத்தைக் கெட்டியாக்கி மாத்திரையா விக்கிறாங்க. அந்த மாத்திரைகள்ல ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமுக்கு மேல ஈஜிசிஜிங்கற பொருள் போனா ஈரலைப் பாதிக்கலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே சொல்லியிருக்கு. டீயைக் குடிங்க, மாத்திரை பக்கம் போகாதீங்க.

சரி, அந்த முதல் டீ பை. மெஷின்ல கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடிச்சு, பையைத் தொங்கவிட்டு, ஒரு மெயில் அடிச்சுட்டு வந்து எடுத்து வாயில வெச்சேன். மழையில நனைஞ்ச வைக்கோல் போருக்குப் பக்கத்துல நின்னு வாயைத் திறந்த மாதிரி இருந்தது. பின்னாலயே ஒரு கசப்பு, நாக்கு மேல துணி விரிச்ச மாதிரி ஒரு துவர்ப்பு. எலுமிச்சை பிழிஞ்சேன். தேன் விட்டேன். ஒரு நாள் வீட்டுல, யாரும் பார்க்காதப்போ, பால் ஊத்திப் பார்த்தேன். அந்தக் கலரை நான் இதுக்கு முன்னாடி ஒரே ஒரு இடத்துலதான் பார்த்திருக்கேன், எங்க தெருக்கோடி குளத்துல. தங்கமணி சமையல்கட்டுக்குள்ள வந்துட்டாங்க. அன்னிக்கு அவங்க சிரிச்ச சிரிப்புக்கு நான் அந்தக் குளத்துலயே குதிச்சிருக்கலாம்.

அதுக்கப்புறம்தான் ரோஷம் வந்து ஒழுங்கா கத்துக்க உக்காந்தேன். விஷயம் ரொம்ப எளிசு. கறுப்பு டீயும் பச்சை டீயும் ஒரே செடி. பறிச்ச இலையைக் கசக்கிக் காத்துல விட்டா, வெட்டி வெச்ச வாழைக்காய் மாதிரி கறுத்துப் போகும். அது நம்ம சாதா டீ. பறிச்ச கையோட சூடு காட்டி அந்தக் கறுக்கறதை நிறுத்திட்டா பச்சையாவே இருக்கும். ஜப்பான்காரங்க பெரும்பாலும் ஆவி காட்டி நிறுத்தறாங்க, சீனாக்காரங்க பெரும்பாலும் வாணலியில வறுத்து நிறுத்தறாங்க. அதனாலதான் ஜப்பான் டீயில கீரை வாசமும் சீனா டீயில வறுத்த வாசமும் தூக்கலா இருக்கு. இட்லிக்கும் தோசைக்கும் உள்ள உறவுதான், வேற ஒண்ணும் இல்லை.

ரெண்டாவது விஷயம்தான் முக்கியம். கொதிக்கிற தண்ணியை கிரீன் டீயில ஊத்தக் கூடாது. கொதிநீர்ல கசப்பும் துவர்ப்பும் வேகமா இறங்கிடும். 70லேர்ந்து 80 டிகிரிக்குள்ள இருந்தா அது மெதுவா இறங்கும், தித்திப்பான சாரம் முன்னாடி வந்துடும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஊறவும் கூடாது. நான் அது வரைக்கும் செஞ்சது பாயசத்தைத் தீய வெச்சுட்டு சர்க்கரையைக் குத்தம் சொன்ன கதை. உடனே ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன், சமையலுக்குன்னு விக்கிறாங்களே அது. "ஜுரம் டீக்கா உங்களுக்கா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. பதில் சொல்லலை.

முதல்ல வாங்கினது சென்ச்சா. ஜப்பான்ல சாதாரணமா வீட்டுல குடிக்கிறது இதுதான். தண்ணியை 75க்கு ஆற வெச்சு, ஒரு நிமிஷம் ஊற வெச்சு, பயபக்தியோட குடிச்சேன். முளைக்கீரை வேகவெச்ச தண்ணி, அதுல லேசா கடல் வாசம். மோசம்னு சொல்ல முடியாது. ஆனா கூட சோறும் ரசமும் இல்லாம இதை எதுக்குக் குடிக்கணும்னுதான் தோணிச்சு.

மல்லிகைப்பூ டீ வந்தது. ராத்திரியில மொட்டு அவிழற நேரமா பார்த்து டீ இலைக்கு நடுவுல பூவைப் பரப்பி, வாசத்தை ஏத்திட்டு, பூவை எடுத்துடுவாங்களாம். நம்ம மதுரை மல்லி இருக்கே, அதே இனம்தான் அந்தப் பூவும். எனக்கு என்னவோ பூக்காரம்மா கூடையைக் குடிக்கிற மாதிரி இருந்தது. தங்கமணி ஒரு வாய் குடிச்சுட்டு டப்பாவோட எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு ரத்தத்துல இரும்புச்சத்து கம்மி. சாப்பாட்டோட டீ குடிச்சா கீரை, பருப்புல இருக்கிற இரும்புச்சத்து சரியா உடம்புல சேராது, அதனால சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் குடிக்கணும். பச்சை டீ, கறுப்பு டீ, காபி எல்லாத்துக்கும் இது பொருந்தும். எங்க வீட்டுல இப்ப மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னாடி மல்லிகை டப்பா திறக்காது.

அப்புறம் மாட்சா. பேரைக் கேட்டதும் "சொல்லு மச்சான்"னு பதில் சொல்லத் தோணும் :-) நண்பரோட பொண்ணு ஜப்பான் போயிட்டு வந்து குடுத்தது. பறிக்கிறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே செடிக்குப் பந்தல் போட்டு நிழல்ல வளர்த்து, இலையைக் காய வெச்சு, கல்லுல மாவா அரைச்சது. மூங்கில்ல செஞ்ச ஒரு குட்டி மத்து வெச்சு நுரை வர்ற மாதிரி அடிக்கணும். என்கிட்ட அது இல்லை, மோர் கடையற மத்துல கடைஞ்சேன். பளிச்னு பச்சை, மேல நுரை, பார்க்கவே ஜோர். ருசியும் எனக்குப் பிடிச்சிருந்தது. இதுலதான் முதல் தடவையா காபியோட கனம் கிடைச்சது. சந்தோஷத்துல சாயங்காலம் ஏழு மணிக்கு ரெண்டு கிண்ணம் கடைஞ்சு குடிச்சேன். ராத்திரி ரெண்டரைக்கு மீன் வந்துது. தூங்கவே இல்லையே, அப்புறம் எங்க முழிப்பு வர்றது. மத்த டீயில இலையை ஊற வெச்சுத் தூக்கி எறியறோம், மாட்சாவுல இலையையே முழுங்கறோம், அதனால காபீன் முழுசும் உள்ள போகுதுங்கறது மறுநாள்தான் உறைச்சுது. 240 மில்லி கிரீன் டீயில சுமாரா 30 மில்லிகிராம், அதே அளவு வடிச்ச காபியில 95னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க. அந்தக் கணக்கு மாட்சாவுக்கு ஆகாது. கிரீன் டீன்னா தூக்கம் கெடாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கிறவங்க கவனிக்க.

கென்மாய்ச்சான்னு ஒண்ணு இருக்கு, வறுத்த அரிசி கலந்தது. சில அரிசி பொரிஞ்சு பொரியாவே இருக்கும். வெந்நீர் ஊத்தினதும் ஆயுத பூஜை வாசம். சட்டுனு பிடிச்சுது.

ஹாங்சோவுக்கு வேலையா போயிட்டு வந்த ஒரு பழைய தோழன் லாங்ஜிங் கொண்டுவந்து குடுத்தான். டிராகன் கிணறுன்னு அர்த்தம். அந்த ஊர் ஏரிக்கரை மலைகள்ல விளையறதுதான் பேர் போனது. ஏப்ரல் முதல் வாரத்துல வர்ற அவங்க முன்னோர் திருநாளுக்கு முன்னாடி பறிச்ச கொழுந்துக்குத்தான் யானை விலை. வாணலியில கையாலேயே அமுக்கி அமுக்கி வறுக்கறதால இலை தட்டையா இருக்கும். கண்ணாடி டம்ளர்ல இலையைப் போட்டு 80 டிகிரி தண்ணி ஊத்தினேன். இலை மெதுவா நிமிர்ந்து நின்னுது. மேல வந்த ஆவியில வறுத்த பாசிப்பருப்பு வாசம்! நம்ம ஊர்ல பொங்கலுக்குப் பருப்பு வறுக்கிற வாசம். குடிச்சா லேசா தித்திப்பு. ரெண்டாந்தடவை, மூணாந்தடவை தண்ணி ஊத்தினாலும் சளைக்கலை. சொல்லப் போனா ரெண்டாவதுதான் நல்லா இருந்தது. எங்க வீட்டுல ரெண்டாம் டிகாக்‌ஷனை விருந்தாளிக்குக் குடுத்தா அது குடும்ப கௌரவப் பிரச்சினை. இங்க ரெண்டாந்தரம்தான் ராஜா.

இதுக்குள்ள மூணு வாரம், மூணு மாசமா ஆகியிருந்தது. மீன் தினம் வந்தது போய் வாரம் ஒரு தடவைன்னு ஆச்சு. காலையில ஒரு காபி குடிச்சுக்கலாம்னு டாக்டர் சொன்னதை நான் எடுத்துக்கலை. பயம். உண்மையைச் சொன்னா, ஒண்ணு குடிச்சா எட்டுல போய் நிக்கும்னு என் மேலயே நம்பிக்கை இல்லை.

அம்மாகிட்ட எதையும் சொல்லலை. 76 வயசு, ஊர்ல தனியா இருக்காங்க, எதுக்கு? ஆனா நம்ம வீட்டுல ரகசியம் தங்குமா. தங்கமணி போன்ல பேசறப்போ "காபியாலதான் அவருக்கு நெஞ்சு படபடப்பு, இப்ப விட்டுட்டார்"னு யதார்த்தமா சொல்லியிருக்காங்க.

ஜூலையில உழவன் எக்ஸ்பிரஸ் பிடிச்சு விடியக்காலையில போய் இறங்கினேன். வாசப்படி ஏறும்போதே ஏதோ குறைஞ்ச மாதிரி இருந்தது. உள்ள போனப்புறம்தான் புரிஞ்சுது, வாசம் இல்லை. மணி அஞ்சேகால். அந்த நேரத்துக்கு எங்க வீடு அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து நீட்டினாங்க, ஜுரம் வந்த புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி.

"நீ காபி குடிச்சாச்சாம்மா?"

"நான் விட்டுட்டேன்டா."

பித்தளை பில்டரைக் கழுவிக் கவுத்து பரண் மேல வெச்சிருந்தாங்க. எனக்காகத்தான், நான் வாசத்துல சபலப்படக் கூடாதுன்னு விட்டிருக்காங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். பெத்த மனசுன்னு நெகிழ்ந்துகூடப் போனேன். எவ்வளவு அசடா இருந்திருக்கேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு நான் என் சரக்கை வெளியில எடுத்தேன். லாங்ஜிங் டப்பா, தெர்மாமீட்டர். தண்ணியைக் கொதிக்க வெச்சு டம்ளர்ல ஊத்தி, தெர்மாமீட்டரை விட்டு, குனிஞ்சு நம்பரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாங்க.

"என்னடா பண்றே?"

"80க்கு வரணும்மா. ஆறட்டும்."

"இதுக்கு எதுக்கு இத்தனை அமர்க்களம். குடு இப்படி."

டவராவை எடுத்தாங்க. ஒரு முழத்துக்கு ஒசத்தி ஒரு ஆத்து. திரும்ப டம்ளருக்கு ஒண்ணு. கை லேசா நடுங்கினாலும் ஒரு சொட்டு வெளியில சிந்தலை. என் பக்கம் திரும்பாம, தண்ணியைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க.

"உங்கப்பாவுக்கும் நாந்தானே ஆத்திக் குடுத்தேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை. 45 வருஷம்."

எனக்குப் புரியறதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு.

"நெஞ்சுக்கு ஆகாதுன்னு அப்ப யாரும் சொல்லலியேடா. சொல்லியிருந்தா குடுத்திருப்பேனா."

மூணு மாசமா இதை மனசுல வெச்சுக்கிட்டு அந்த வீட்டுல தனியா இருந்திருக்காங்க. எனக்காக ஒண்ணும் காபியை நிறுத்தலை. அப்பாவைக் கொன்னதே தான்தான்னு முடிவு கட்டி நிறுத்தியிருக்காங்க. ராத்திரி தூங்கினாங்களோ என்னவோ, நான் கேக்கலை.

அப்பத்தான் டாக்டர் சொன்ன முழு வாக்கியமும் எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். எனக்கு வந்தது மாரடைப்பு சம்பந்தப்பட்டதே இல்லை, வெறும் துடிப்புக் கோளாறு. அளவா காபி குடிச்சா மாரடைப்பு வராதுன்னு டாக்டர் தன் வாயாலேயே சொன்னார். அப்பாவுக்கு இருபது வருஷமா சக்கரை. நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். ஆஞ்சியோ பண்ணணும்னு சொன்னப்போ "பொங்கல் கழியட்டும்"னு தள்ளிப் போட்டது அவர். நீ குடுத்த காபி இதுல எங்கயும் வரலைம்மா.

"நெசமாவா?"

"நெசமா."

"டாக்டரே சொன்னாரா, நீயா சொல்றியா?"

மூணு தடவை சொன்னேன். மூணாவது தடவை ரிப்போர்ட்டை போன்ல எடுத்துக் காட்டினேன். இங்கிலீஷ்ல இருந்தது, அம்மாவுக்குப் படிக்க வராது, ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் புடவைத் தலைப்பால போனைத் துடைச்சுக் குடுத்துட்டு, "ஏப்ரல்ல வாங்கின பொடி அரைக் கிலோ அப்படியே கிடக்கு. வாசம் போயிருக்கும்"னாங்க.

இதுக்கு நடுவுல டம்ளர்ல இருந்த தண்ணியை மறந்தே போயிட்டோம். தெர்மாமீட்டரை வெச்சுப் பார்த்தா 60க்குக் கீழ. திரும்பக் கொதிக்க வெச்சோம். இந்தத் தடவை அம்மா பேசாம மூணு ஆத்து ஆத்தி, இலை மேல ஊத்தினாங்க. நான் அளக்கலை. அது வரைக்கும் நான் போட்ட எந்தக் கிரீன் டீயும் அவ்வளவு நல்லா வந்ததில்லை. அம்மா ஒரு வாய் வெச்சுட்டு, "பாசிப்பயறு வேகவெச்ச தண்ணி. உனக்கு நல்லதுன்னா குடி"ன்னு சொல்லி என் பக்கம் தள்ளிட்டாங்க.

மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுச்சு. மீன் இல்லை. பில்டரைத் தட்டுற சத்தம். கடை திறக்கிற வரைக்கும் காத்திருக்க அம்மாவுக்குப் பொறுமை இல்லை, வாசம் போன அந்தப் பழைய பொடியிலேயே போட்டுட்டாங்க. பாதி டம்ளர்தான் குடுத்தாங்க. "பாதிதான். டாக்டர் ஒண்ணுன்னா நான் பாதி"ன்னு சொல்லிட்டு எதிர்ல உக்காந்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சப்புறம் எழுந்து போய் தனக்கு முழு டம்ளர் கலந்துக்கிட்டாங்க.

சென்னைக்கு வந்ததும் தெர்மாமீட்டரை வெச்சு அம்மா கணக்கை சோதிச்சுப் பார்த்தேன். (என்ன பண்றது, புத்தி அப்படி.) கொதிச்ச தண்ணி 97. முதல் ஆத்துல 88. ரெண்டாவதுல 81. மூணாவதுல 75. ஜப்பான்ல இதுக்குன்னே யுஸமாஷின்னு ஒரு கிண்ணம் வெச்சிருக்காங்க, அதுல ஊத்தி ஆற வெச்சுட்டு அப்புறம் டீயில ஊத்துவாங்க. ஒரு தடவை பாத்திரம் மாத்தினா ஏறக்குறைய பத்து டிகிரி குறையும்ங்கறது அவங்க கணக்கு. டவரா டம்ளர் வெச்சிருக்கிற யாரும் தெர்மாமீட்டருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். லாங்ஜிங்குக்கு ரெண்டு ஆத்து, சென்ச்சாவுக்கு மூணு.

இது நடந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. காலையில ஒரு காபி, கள்ளிச்சொட்டு, சமரசமே கிடையாது. எட்டுக்குப் போகலை. சாயங்காலம் நாலு மணிக்கு நான் போய் நின்ன இடம் ஹோஜிச்சா. கிரீன் டீயையே எடுத்து மறுபடியும் நல்லா வறுத்துடறாங்க, 1920கள்ல கியோட்டோவுல ஆரம்பிச்ச பழக்கம். அநேகமா முத்தின இலையும் காம்பும்தான் போடறாங்க, அதனால காபீன் கம்மி. கொதிக்கிற தண்ணியை அப்படியே ஊத்தலாம், கோவிச்சுக்காது. கலர் பிரவுன். டப்பாவைத் திறந்தா, சத்தியமா சொல்றேன், காபிக்கொட்டை வறுக்கிற கடைக்கு நாலு கடை தள்ளி நிக்கிற மாதிரி ஒரு வாசம். காபிப் பைத்தியம் யாராவது இந்தப் பக்கம் வர்றதா இருந்தா முதல்ல இதைக் குடிங்க, சென்ச்சாவுல ஆரம்பிச்சு என்னை மாதிரி திண்டாடாதீங்க. மீன் இன்னும் எப்பவாவது வரும், முக்கியமா தூக்கம் கெட்ட நாள்ல. வந்துட்டுப் போகும்.

போன மாசம் அம்மாவுக்கு ஒரு பாக்கெட் ஹோஜிச்சா அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு போன் வந்தது.

"வந்துதாம்மா? குடிச்சுப் பார்த்தியா?"

"எனக்கு எதுக்குடா, எனக்குத்தான் காபி இருக்கே. எதிர்வீட்டம்மாவுக்குப் போட்டுக் குடுத்தேன். ஒம்புள்ளைக்கு மெட்ராஸ்ல சம்பளம் ஒழுங்கா வருதில்லன்னு கேட்டாங்க."